மிச்சம் விழாத வடிவங்கள்

(கலைக் கல்விப் பயிற்சி நாளில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்குப் பிறகு பேசும் நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓவிய ஆசிரியருக்கு எப்போதும் கிடைக்கும் நேரம்தான் இது. பள்ளிக் கால அட்டவணையிலும் கடைசிப் பாடவேளைதான் நமக்கு. கணக்கு ஆசிரியர் கேட்டால் அதுவும் போய்விடும். அதனால் தூக்கம் வருபவர்கள் தயங்காமல் தூங்கலாம், நான் பழகியவள்.

'வகுப்பறைச் சுவரை அழகுபடுத்துதல்' என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சுவரில் செய்த வேலையைப் பற்றியும், அதில் செய்த தவறுகளைப் பற்றியும் மட்டும் பேசப் போகிறேன். என் பள்ளி ஆம்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். அம்மாக்கள் அதில் ஏறிப் போன பிறகு, பிள்ளைகள் தாங்களாகவே தலை சீவிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பு அறையில் ஒரு பெரிய சுவர் காலியாக இருந்தது. இருபது அடி நீளம், பத்து அடி உயரம். மற்ற அறைகளில் நம் எல்லாப் பள்ளிகளிலும் உள்ள படங்கள்தான்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை மரம், தொலைக்காட்சியில் வரும் ஒரு பொம்மை. அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளை 'உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்' என்றாலும் அதே இரண்டு மலையைத்தான் வரைகிறார்கள். எங்கள் ஊரில் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எந்தப் பிள்ளையும் அந்த மலையை வரைவதில்லை, சுவரில் இருக்கும் முக்கோண மலையைத்தான் வரைகிறது. எனவே இந்தச் சுவரில் மலை, மரம், மனிதர் எதுவும் வேண்டாம், வெறும் வடிவங்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு ரஷ்யக் கட்டமைப்புவாத ஓவியங்கள்மேல் ஒரு பிரியம் உண்டு. உங்களில் சிலர் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வண்டியில் சோவியத் குழந்தைப் புத்தகங்களைத் தமிழில் வாங்கியிருப்பீர்கள். வழவழப்பான தாளும் பெரிய படங்களுமாக இருக்கும். அந்தப் புத்தகங்கள் பிற்காலத்தவை. அந்த நாட்டில் அதற்கு முன்பே, 1922-இல், எல் லிசிட்ஸ்கி என்ற ஓவியர் குழந்தைகளுக்காக இரண்டு சதுரங்களின் கதை ஒன்றைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு சிவப்புச் சதுரம், ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான் பாத்திரங்கள். வாசித்து மூடி வைக்காமல், காகிதத்தையும் கட்டைகளையும் எடுத்து நீங்களே மடித்து, வண்ணம் தீட்டி, கட்டிப் பாருங்கள் என்று தொடக்கத்திலேயே குழந்தைகளிடம் சொல்லிவிடுகிறார். இன்று செயல்வழிக் கற்றல் என்று நாம் சொல்வதுதான் அது.

அடுத்த ஆண்டு, 1923-இல், பெர்லின் கண்காட்சி ஒன்றில் அவர் ஒரு சிறிய அறை முழுவதையும் ஓவியமாக ஆக்கினார். சட்டம் போட்ட படங்களை மாட்டவில்லை. கட்டைகளும் கோடுகளும் ஒரு சுவரில் தொடங்கி, மூலையில் திரும்பி, அடுத்த சுவருக்குப் போகும். பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்க முடியாது, அவற்றோடு நடந்தாக வேண்டும். இதன் புகைப்படத்தைப் பார்த்ததிலிருந்து வகுப்பறை மூலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும்.

ஆசையில் ஒரு சனி, ஞாயிறு முழுவதும் தனியாக உட்கார்ந்து நானே வரைந்தேன். பெரிய சிவப்பு முக்கோணம், அதன் முனை ஒரு கறுப்பு வட்டத்தைக் குத்தும்படி. சாய்வான கோடுகள், வெள்ளைப் பின்னணி. திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியர் வந்து பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "டீச்சர், அடுத்த மாசம் தேர்தல். நம்ம பள்ளிதான் வாக்குச்சாவடி. இந்தச் சுவரை ஒருத்தர் போட்டோ எடுத்துப் போட்டா நான் யாருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிவப்பும் கறுப்பும் ரஷ்யாவில் என்ன சொல்லியிருந்தாலும் தமிழ்நாட்டில் அவற்றுக்கு வேறு பேச்சு உண்டு. லிசிட்ஸ்கியே 1919-இல் வெள்ளை வட்டத்தைச் சிவப்பு ஆப்பு பிளப்பதுபோல் வரைந்தது உள்நாட்டுப் போரின் பிரச்சாரச் சுவரொட்டிக்காகத்தான். வெறும் வடிவம் என்று நாம் நினைப்பது வெறும் வடிவம் அல்ல. செவ்வாய்க்கிழமை என் இரண்டு நாள் வேலையைச் சுண்ணாம்பு அடித்து மூடினோம். சிவப்பு அவ்வளவு எளிதில் மூடாது, மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது.

அதைவிட ஒரு விஷயம் உறுத்தியது. அந்த ஒரு நாளில் பிள்ளைகள் அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்த படம். அவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அதன் பிறகுதான் இந்த ரஷ்யர்களைப் பற்றி மறுபடி ஒழுங்காகப் படித்தேன். நான் அவர்களிடமிருந்து நிறத்தையும் கோணத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்களோ அதை விட்டுவிட்டேன் என்று புரிந்தது. 1921-இல் மாஸ்கோவில் இருந்த ஒரு கலைப் பண்பாட்டு நிறுவனத்தில் மாதக்கணக்கில் ஒரு விவாதம் நடந்தது. ஓவியத்தில் பொருள்களைக் கண்ணுக்கு இனிமையாக அடுக்கி வைப்பது ஒன்று. பொருளின் தன்மையும் அதன் பயனும் கேட்கிறபடி, எதையும் வீணாக்காமல் கட்டுவது மற்றொன்று. முதலாவது அலங்காரம், இரண்டாவதுதான் கட்டமைப்பு என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். அந்த ஆண்டிலேயே கட்டமைப்புவாதிகள் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு குழுவும் அமைத்தார்கள். படச் சட்டத்துக்குள் வரைவதை விட்டுத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

சொன்னதுபோல் எல்லோராலும் போக முடியவில்லை. போனவர்களில் இரண்டு பெண்கள் முக்கியமானவர்கள். வர்வாரா ஸ்டெபனோவாவும் லியுபோவ் பொபோவாவும் 1923, 24 ஆண்டுகளில் மாஸ்கோவின் துணி அச்சடிக்கும் ஆலைக்கு வடிவமைத்துக் கொடுத்தார்கள். பூவும் கொடியுமாக இருந்த சீட்டித் துணிக்கு, கவராயமும் அளவுகோலும் வைத்து வட்டம், கோடு, முக்கோணம் என்று வரைந்தார்கள். அந்தத் துணியைப் பெண்கள் கடையில் வாங்கி உடுத்தினார்கள். பொபோவா 1924-லேயே, முப்பத்தைந்து வயதில், மகனுக்கு வந்த காய்ச்சல் தொற்றி இறந்துபோனார்.

ஸ்டெபனோவாவின் கணவர் அலெக்சாந்தர் ரோத்செங்கோ 1925-இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தொழிலாளர் மன்றத்துக்கான ஓர் அறையை வடிவமைத்தார். வெள்ளை, சிவப்பு, சாம்பல், கறுப்பு என நான்கே நிறங்கள். நாற்காலி, மேசை எல்லாம் மரம். வாசிக்கும் மேசையின் பலகையைச் சாய்த்தும் வைக்கலாம், சமமாகவும் வைக்கலாம். சதுரங்க மேசையின் பலகையைத் திருப்பினால்தான் ஆட்டக்காரர் உள்ளே போய் உட்கார முடியும். மடக்கக்கூடியதெல்லாம் மடங்கும். இன்று நகரத்து வீடுகளில் கட்டமைப்புவாத பாணி என்று சிவப்பும் கறுப்புமாக ஒரு படத்தைச் சட்டம் போட்டு சோபாவுக்கு மேல் மாட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோத்செங்கோ அந்தப் படத்தை மாட்டியிருக்க மாட்டார். சோபாவை எப்படி மடக்குவது என்று யோசித்திருப்பார்.

1930-களில் அங்கே அரசே இந்தக் கலையை ஓரங்கட்டியது, அது தனிக் கதை. நம் நாட்டுக்கு இந்தக் காற்று முன்பே வந்துவிட்டது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியினரின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர்களில் காண்டின்ஸ்கி ரஷ்யர். நம் மாநிலத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1960-களில் சொற்களையும் குறியீடுகளையும் வைத்து வரைந்த வரிசையில் ஜாதகக் கட்டம், முக்கோணம், கணக்குக் குறிகள் எல்லாம் வரும். அவர் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் எப்படிப் பிழைத்தது என்று பாருங்கள். பாட்டிக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில்தான் ஓவியர்கள் ஓவியம் வரைந்தார்கள். கோலத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களிலேயே கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். கணக்கு ஆசிரியர்கள் தேடிப் படிக்கலாம்.

சரி, சுவருக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு ஏற்ற வடிவம் எது என்று யோசித்தபோது, விடை ஊரிலேயே இருந்தது. ஒரு ஷூவின் மேல்பகுதியைப் பிரித்துப் போட்டால் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் வரும். முன்புறம் வேம்ப், இரு பக்கமும் குவார்ட்டர், நாக்கு, குதிங்கால் பட்டை, உள்ளே லைனிங். தனித்தனியாகப் பார்த்தால் அது ஷூ என்றே தெரியாது. வளைவும் நேர்கோடும் கலந்த அருமையான அரூப வடிவங்கள்.

அங்கேதான் என் பெரிய தவறு நடந்தது. வகுப்பில் நின்று, சத்தமாக, "யார் யார் வீட்டில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார்கள்? கை தூக்குங்கள். வெட்டிப் போட்ட வேஸ்ட் துண்டு இருந்தால் நாளைக்கு எடுத்து வாருங்கள்" என்றேன்.

நாற்பத்தொரு பிள்ளைகளில் நான்கு கைகள் தூக்கின. வருகைப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் பாதிக்கு மேல் என்று எனக்கே தெரிந்திருக்கும். தோல் என்ற சொல் இந்தப் பகுதியில் பிள்ளைகளுக்கு எப்படிக் கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை. அதன் பின்னால் வாடை என்ற கேலி இருக்கிறது. சாதி இருக்கிறது. சிலருக்குக் கழிவுநீரால் கெட்ட கிணறும் பாலாறும் இருக்கின்றன. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இன்று நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். இத்தனையையும் ஒரு கையில் ஏற்றி, அதைத் தூக்கு என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

கை தூக்காத ஒரு மாணவி மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய தோழி வந்து சொன்னாள். அவள் கை தூக்காவிட்டாலும் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். டீச்சர் கேட்டார்கள் என்பதற்காக அந்தம்மா உள்ளங்கை அளவில் நாலு துண்டை டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் பையைச் சோதித்துப் பிடித்துவிட்டார்கள்.

குப்பைக்குப் போகிற துண்டுதானே என்று நமக்குத் தோன்றும். கம்பெனியில் அப்படி இல்லை. தோலைச் சதுர அடிக் கணக்கில் வாங்கி, எவ்வளவு வெட்டினோம், எவ்வளவு மிச்சம் என்று கணக்கு வைக்கிறார்கள். துண்டு வெளியே போனால் திருட்டுதான். அவரை இரண்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். பத்து வருடம் வேலை செய்த இடம்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் போனேன். "அக்கா, நான் கேட்டதால்தான் இப்படி ஆயிற்று. கம்பெனிக்கு வந்து நான் சொல்கிறேன்" என்றேன். அவர் வேண்டாம் என்றார். "நீங்க வந்தா இன்னும் பெருசாவும் டீச்சர். நாளிக்குப் போய் நானே பேசிக்கிறேன்" என்றார். நான் கேட்கவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி, பள்ளித் தாளில் ஒரு கடிதம் எழுதி, முத்திரையோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். பள்ளிப் பாட வேலைக்காக ஆசிரியர் கேட்டதால் நடந்தது, தவறு ஆசிரியருடையது என்று எழுதினேன். வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் சம்பளம் போனது போனதுதான். அதை நான் கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை.

இதைச் சொல்லாமல் சுவரின் படத்தை மட்டும் இங்கே திரையில் காட்டியிருந்தால் நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டு உங்கள் பள்ளிக்குப் போய், நாளைக்கே யாராவது 'துண்டு எடுத்து வாருங்கள்' என்று சொல்லிவிடக் கூடாது. பெற்றோர் தொழிலை வகுப்பில் கூட்டமாகக் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, குரோம் பதனிட்ட தோல் துண்டுகளைப் பிள்ளைகள் விளையாட்டாக எரிக்கவும் வாய்ப்பு உண்டு. எரித்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். ஆக, தோலே வேண்டாம். காலண்டர் அட்டையும் கத்தரிக்கோலும் போதும்.

மகள் மறுபடி பள்ளிக்கு வந்தாள். என்னிடம் பேசவில்லை, அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. இரண்டு வாரம் கழித்துப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. அவளுடைய அம்மா வந்திருந்தார். எட்டாம் வகுப்பு அறையில், மேசைமேல் நான் அட்டையில் வெட்டி வைத்திருந்த வடிவங்கள் கிடந்தன. கடையில் வாங்கிய பழைய ஷூ ஒன்றைப் பிரித்து, பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டியவை. அவற்றை ஒரு சார்ட்டில் அழகாக இடைவெளி விட்டு, வரிசையாக ஒட்டுவதற்காக அடுக்கியிருந்தேன். ஒன்பது துண்டுகள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா டீச்சர், இவ்ளோ தோலை வீணடிக்கிறீங்க?" என்றார். பிறகு ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த துண்டின் வளைவுக்குள் செருகினார். அதை ஒட்டி மூன்றாவது. நாக்குத் துண்டு இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தது. அதே சார்ட்டில் பதின்மூன்று துண்டுகள் வந்தன. நான் ஒன்றை எடுத்துக் குறுக்காக வைத்துப் பார்த்தேன், இன்னும் நன்றாகப் பொருந்தியது. உடனே கையைத் தட்டிவிட்டார். "தலைகீழாப் போடலாம். குறுக்கப் போடக் கூடாது. தோல் ஒரு பக்கம் இழுத்தா நீளும், ஒரு பக்கம் நீளாது. குறுக்க வெட்னா நாலு நாள்ல ஷூ வாயைப் பொளக்கும்."

முதுகுப் பக்கத் தோல் இறுக்கமானது, அதில்தான் வேம்ப் வெட்டுவார்களாம். வயிற்றுப் பக்கம் தளர்ச்சி, அது நாக்குக்கும் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கும். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு இருந்தால் அதைச் சுற்றிப் போக வேண்டும். இடது கால், வலது கால் இரண்டுக்கும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டினால்தான் நிறம் ஒத்துப்போகும். ஒரு விலங்கின் உடல் எப்படி வளர்ந்தது என்பதை வைத்து வடிவங்களை அடுக்குகிறார். 1921-இல் மாஸ்கோவில் மாதக்கணக்கில் வாதாடியது இதைத்தான். அந்த அறையில் அவர் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார், நின்றபடியே, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று.

மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் வேலையை எப்படிச் செய்தோம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கேள்வி நேரத்தில் இதைத்தான் அதிகம் கேட்பீர்கள்.

கரும்பலகைச் சுவரைத் தொடவில்லை. அதைச் சுற்றி எதுவும் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சுவர் முழுக்கப் படம் ஒட்டிய அறையில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் நம் முதல் வகுப்பு அறைகளை நினைத்துப் பாருங்கள், தரையைத் தவிர எல்லா இடத்திலும் ஏதோ தொங்குகிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளின் பின்னால் உள்ள சுவரே போதும்.

நிறம் நான்குக்கு மேல் வைக்கவில்லை. வெள்ளை, சாம்பல், காவிமண் பழுப்பு, கருநீலம். எந்தக் கொடியிலும் இந்த நான்கும் சேர்ந்து வராது என்று தலைமையாசிரியர் இரண்டு முறை சரிபார்த்தார். வெள்ளை எமல்ஷன் வாங்கி ஸ்டெய்னர் கலந்து நாமே நிறம் செய்துகொண்டால் செலவு குறையும். ஒரே நாளில் ஒரு நிறத்துக்கு வேண்டிய முழு அளவையும் கலந்துவிடுங்கள், மறுநாள் அதே நிறம் வராது. ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு, சுமார் அறுபது முதல் எழுபது சதுர அடி வரும். இதையே பிள்ளைகளிடம் கணக்காகக் கொடுத்தோம். வடிவங்களின் பரப்பைக் கட்டத் தாளில் எண்ணிக் கண்டுபிடித்து எத்தனை லிட்டர் என்று அவர்களே சொன்னார்கள். கால் லிட்டர்தான் பிசகியது. கணக்கு ஆசிரியர் அந்த வாரம் என் பாடவேளையைக் கேட்கவில்லை, தன்னுடையதில் இரண்டைக் கொடுத்தார். வரலாற்றில் முதல் முறை.

நேர்கோட்டுக்குக் கொத்தனார் முறைதான். நூலில் காவித் தூள் தடவி, இருவர் இழுத்துப் பிடித்து, மூன்றாமவர் தெறித்தால் இருபது அடிக்கும் கோடு விழும். வட்டத்துக்கு ஆணியும் கயிறும். நேரான ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியதும் நேராக நிறத்தை அடிக்காதீர்கள். அடியில் கசியும். முதலில் சுவரின் பழைய நிறத்தையே டேப் ஓரத்தில் ஒரு கை தடவி, காய்ந்த பின் புது நிறம் அடித்தால் கத்தி வெட்டுபோல் வரும். பிள்ளைகள் ஏணியில் ஏறக் கூடாது. ஐந்து அடிவரை அவர்கள் வேலை. அதற்கு மேல் நானும் உடற்கல்வி ஆசிரியரும். கதவுக்குக் கீழே தரையில் பாகைமானி வரைந்தோம். இது என் யோசனை அல்ல, 'கட்டடமே கற்றல் கருவி' என்ற பாலா திட்டத்தில் நாடு முழுவதும் பல பள்ளிகளில் இருப்பது. கதவைத் திறக்கும்போது எத்தனை பாகை என்று தெரியும்.

அட்டை வடிவத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கிச் சுவரில் வரைந்தோம். அம்மா அடுக்கிக் காட்டியபடியே ஒன்றுக்குள் ஒன்று செருகி, இடது மூலையில் தொடங்கி, லிசிட்ஸ்கிக்காக ஒரே ஒரு துண்டை மட்டும் மூலையில் மடக்கி அடுத்த சுவருக்குக் கொண்டுபோனேன். நடுவில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து தழும்பாக இருந்தது. பட்டி பார்த்து மறைக்கப் போனேன். ஒரு பையன் தடுத்தான்: "மிஸ், அதைச் சுத்திப் போலாம் மிஸ், முள்ளு கிழிச்ச இடம் மாரி." அப்படியே விட்டோம்.

ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது என்ன படம்?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் நான்கைந்து பிள்ளைகள் முன்னால் வந்து, இது குவார்ட்டர், இது வேம்ப், இதைக் குறுக்கே போடக் கூடாது சார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். யார் வீட்டில் யார் எங்கே வேலை செய்கிறார் என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அந்த மாணவி அன்று பேசினாளா என்று கேட்பீர்கள். இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

'ஒவ்வொரு வருடமும் அழித்துவிடுவீர்களா?' என்று காலையில் ஒரு சார் கேட்டார். ஆம், ஏப்ரலில் அழிப்போம். அடுத்த எட்டாம் வகுப்புக்குக் காலிச் சுவர் வேண்டும். சென்ற ஏப்ரலில் வெள்ளை அடிக்கும் முன் யாராவது அளந்து வரைந்து வைத்தால் நல்லது என்று பொதுவாகச் சொன்னேன். மறுநாள் அந்த மாணவி ஒரு கட்டத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில், இருபதுக்குப் பத்தாக, சுவர் முழுவதும் இருந்தது. மூலையில் மடங்கும் துண்டையும் விடவில்லை. வலது ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் பென்சிலால் புள்ளிக்கோடு போட்டு, சுவரில் இல்லாத ஒரு நாக்குத் துண்டை வரைந்திருந்தாள். கீழே சிறிய எழுத்தில், 'இங்கே இன்னும் ஒன்று வரும் என்று அம்மா சொன்னார்' என்று எழுதியிருந்தாள்.